சனி ஞாயிறு தோட்டக்காரனுக்கு எலிய அடக்க எது தோதுப்படும்?

நமக்கு காங்கேயத்துக்குத் தெக்கால ரெண்டு ஏக்கர் இருக்குதுங்க, செவக்காட்டு மண்ணு, சுத்தியும் கிளுவை வேலி, நடுவால ஒரு ஓட்டுச் சாளை. சோலி கோயமுத்தூர்ல, அதனால சனிக்கிழமை காலைல போயி ஞாயித்துக்கிழமை பொழுதெறங்க திரும்பற பண்ணையம்தான். போன வருசம் கடலை போட்டோம், காய் புடிக்கற நேரத்துல ஒரு செடியப் புடுங்கிப் பாத்தா வேரு இருக்குது காயக் காணோம், அக்கட்டால தென்னங்கன்னுக்குப் போற டிரிப் பைப்பப் பாத்தா நாலு எடத்துல கத்திரி வெச்சு நறுக்குன மாதிரி கெடக்குது. அன்னிக்கு ஆரம்பிச்சதுங்க, ஒவ்வொரு வழியா பாத்துப் பாத்து காசும் போச்சு லீவும் போச்சு.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு நாள் சிரிச்சுட்டே சொன்னாரு, "ஏங்கண்ணு, நீ வாரத்துக்கு ரெண்டு நாள் வர்ற, எலி ஏழு நாளும் வருதே". அதுக்கப்பறம் எந்த மருந்தா இருந்தாலும் எந்தப் பொறியா இருந்தாலும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறது: நான் இல்லாத அஞ்சு நாள்ல இது என்ன பண்ணும்?

மொதல்ல எந்த எலின்னு பாக்கோணும். வங்கு, அதாவது எலி வளை, அதோட வாசல்ல புது மண்ணு குமிஞ்சு வாய் அடைச்சிருந்தா அது வரப்பெலி, தின்னது போக உள்ளுக்குள்ள மூட்டை கட்டற மாதிரி சேத்து வேற வெக்கும். வாய் தொறந்து கெடந்து, வயிறு வெள்ளையா, வால் நுனில முடிக் குஞ்சம் இருந்தா வெள்ளெலி, நம்ம செவக்காட்டுல இதுதான் ஜாஸ்தி, இது எமகாதகப் பய, பொறத்தால ஒரு அவசர வழி வெச்சு மேல மெல்லிசா மண்ண மூடியிருக்கும், நீங்க இங்க மம்மட்டியப் போட்டா அங்க பிச்சுட்டு ஓடிரும். கட்டுத்தறி, தீவன மூட்டைப் பக்கம் பெரிய வளை போட்டா பெருச்சாளி. அப்பறம் சாயங்காலம் எல்லா வாயையும் மண்ணப் போட்டு அடைச்சுட்டு காலைல போயிப் பாருங்க, எது தொறந்திருக்குதோ அதுலதான் ஆள் இருக்குது. நாங்க 34 வாய் அடைச்சோம், காலைல 9 தான் தொறந்திருந்துச்சு. இது தெரியாம மொத வாட்டி எல்லாத்துலயும் மருந்தப் போட்டு வீணாக்குனதுதான் மிச்சம்.

இப்ப மருந்துக்கு வருவோம், ஏன்னா நம்மள மாதிரி சனி ஞாயிறு ஆளுக மொதல்ல ஓடறது மருந்துக் கடைக்குத்தான். கடைல ரெண்டு வகை குடுப்பாங்க. ஒண்ணு கருப்புப் பவுடர், சிங்க் பாஸ்பைடு. இன்னொண்ணு கேக்கு, புரோமடியோலோன் 0.005 சதவீதம். ரெண்டும் எலி மருந்துதான், ஆனா குணம் நேர் எதிர்.

சிங்க் பாஸ்பைடு வயித்துக்குள்ள போனா அங்க இருக்கற அமிலத்தோட சேந்து பாஸ்பீன் வாயுவா மாறும், எலிக்கு வாந்தி எடுக்க வராதுங்கறதால தப்பிக்க வழியில்ல, ராத்திரியோட கதை முடிஞ்சுரும். கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா எலி சந்தேகப் பிராணி, அதனால மூணு நாளைக்கு வெறும் நொய்யில எண்ணெயப் பெசறி வெச்சுப் பழக்கி, நாலாம் நாள்தான் 96 பங்கு நொய்யி, 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்துன்னு கலந்து வெக்கோணும். நான் என்ன பண்ணுனேன்? சனிக்கிழமை போனதும் நேரா மருந்தயே வெச்சுட்டேன். ரெண்டு எலி செத்துச்சு, கொஞ்சமா தின்னுட்டு வயிறு நொந்து தப்பிச்சது பூராவும் அதுக்கப்பறம் அந்த நொய்யி பக்கமே திரும்பல, மாசக் கணக்குல. மூணு நாள் பழக்கறதுக்கு புதன்கிழமையில இருந்து ஒரு ஆள் அங்க இருக்கோணும், நமக்கு அது எங்க முடியுது. மனுசன் தின்னுட்டா இதுக்கு முறிவு மருந்தும் கெடையாது, அதனால கலக்கற கரண்டிய சமையக்கட்டுல இருந்து எடுத்துட்டுப் போயிராதீங்க.

இதுல நம்மூருக்குன்னு ஒரு வில்லங்கம் இருக்குதுங்க, மயில். காங்கேயம் தாராபுரம் பக்கம் காலைல தோட்டத்துல கோழிய விட மயிலுதான் ஜாஸ்தி நிக்குது. தானியத்துல கலந்த மருந்த வங்குக்கு வெளிய எறச்சு வெச்சா எலி திங்கறதுக்கு முன்னாடி மயிலு பொறுக்கித் தின்னுரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மயில் மொதல் அட்டவணைல இருக்குது, ஒண்ணு செத்தாலும் வனத்துறை கேசு, எலிக்கு வெச்சதுன்னு சொன்னா யாரு கேக்கறா. அதனால எந்த மருந்தா இருந்தாலும் ஒரு ஜான் உள்ளாற தள்ளி வாய மூடோணும், அவ்ளோதான்.

கேக்கு வேற மாதிரி. அது ரத்தத்த உறைய விடாது, எலி சாக நாலஞ்சு நாள் ஆகும், அதனால எதத் தின்னு இப்படியாச்சுன்னு அதுக்குத் தெரியாது, சந்தேகமும் வராது, பழக்க வேண்டிய சோலியும் இல்ல. தப்பித்தவறி நாயி தின்னுட்டா வைட்டமின் கே1 இருக்குது, ஒடனே கால்நடை டாக்டர் கிட்டத் தூக்கிட்டு ஓடலாம். சனிக்கிழமை வெச்சுட்டு அடுத்த சனிக்கிழமை வந்து பாக்கறவனுக்கு இதுதான் தோதுன்னு நெனச்சு நானும் ரெண்டு மாசம் ஓட்டுனேன். கோளாறு எங்கன்னா, அந்த நாலஞ்சு நாளும் எலி தள்ளாடிட்டு வெளிய சுத்தும், அத கூகை புடிக்கும், சாரை புடிக்கும், விசம் அதுகளுக்கும் போகும். செத்த எலியப் பொறுக்கி ஆழமாப் பொதைக்க தெனமும் ஆள் வேணும், அந்த ஆளுதான் நம்ம கிட்ட இல்லியே. மருந்துன்னாலே வெச்சுட்டுப் போயிரலாம்னு நெனைக்கறோம், நெசத்துல பொறிய விட மருந்துக்குத்தான் காவல் ஜாஸ்தி வேணும்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்ட தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சு, ஈரல காலி பண்ற சாமான், எங்காச்சும் பழைய ஸ்டாக்கு கெடச்சாலும் தொடாதீங்க. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைய வங்குல போட்டு வாய அடைக்கறதும் அதே கணக்குத்தான், அது பயிற்சி எடுத்த ஆளுக கையாள வேண்டிய சரக்கு, கடைல எவனாச்சும் கைல குடுத்தாலும் வாங்காதீங்க. போதாததுக்கு நம்ம செவக்காடு காஞ்சு பொலபொலன்னு கெடக்கும், வாயு மண்ணு வழியா மேல வந்துரும், எலி சாகுதோ இல்லியோ போட்டவனுக்கு ஆபத்து.

பொறில வாங்க. தஞ்சாவூர் கிட்டின்னு மூங்கில்ல வில்லு மாதிரி பண்ணுனது, நெல் வயலுக்கு அத மிஞ்ச ஒண்ணும் இல்ல, கோபிப் பக்கம் வாய்க்காப் பாசன வயல்ல வெக்கறதப் பாத்திருக்கேன், சாயங்காலம் நட்டுட்டு விடியால வந்து எடுத்துட்டுப் போறாங்க. ஆனா அது வெக்கத் தெரிஞ்ச கை வேணும், என்ற கைக்கு ஆகல. கத்திரிப் பொறி, இரும்புக் கூண்டு ரெண்டும் நம்ம மாதிரி ஆளுக்கு ஆகும். சுட்ட தேங்கா சில்லு இல்லன்னா கருவாட்டுத் துண்டு. பொறிய ரெண்டு நாள் வில்லு மாட்டாம சும்மா தீனியோட வெச்சுட்டு மூணாம் நாள்தான் மாட்டோணும், இல்லாட்டி சுத்திப் பாத்துட்டுப் போயிரும். மாட்டுன பொறிய நாள்கணக்கா கவனிக்காம விட்டுட்டு ஊருக்குக் கெளம்பறது பாவமுங்க, ஒரு வாட்டி கீரிப்புள்ள கால மாட்டிட்டுக் கெடந்துச்சு, இன்னிக்கும் அது கண்ணுலயே நிக்குது. அதனால பாக்க ஒரு ஆள் கெடைக்கற வரைக்கும் ஞாயித்துக்கிழமை கெளம்பும்போது எல்லாப் பொறியையும் கவுத்துட்டுத்தான் போவேன்.

வங்க வெட்டிப் புடிக்கறது எங்கப்பிச்சி காலத்து முறை, ஒரு மழை பேஞ்சு மண்ணு எளகுன மறுநாள், கூட ஒரு நல்ல நாயி, நாலு பசங்க. சித்திரை வைகாசில காடு வெறுமையா கெடக்கும்போது, ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி இதப் பண்ணுனா அந்த வருசம் பாதித் தொல்லை கொறையும், ஏன்னா அப்பத்தான் தீனி இல்லாம எலியும் கம்மியா இருக்கும், பயிர் வந்த பொறவு மூணு வாரத்துக்கு ஒரு ஈத்துன்னு பெருகுனதுக்கப்பறம் நீங்க என்ன பண்ணுனாலும் பத்தாது. கைய மட்டும் வங்குக்குள்ள உடாதீங்க, எலி இருந்த வங்குல நல்லபாம்பு படுத்திருக்கும். எலிக்காய்ச்சல் வேற இருக்குது, கையொறை பூட்ஸ் இல்லாம எறங்காதீங்க. தண்ணி விட்டு நெரப்பறது வாய்க்கா மொறத் தண்ணி கெடைக்கறவங்களுக்குச் சரி, நம்ம போருல வர்ற தண்ணி கன்னுக்கே பத்தல.

ஆந்தைக்கு டீ வடிவத்துல குச்சி நடச் சொல்வாங்க, நட்டேன், புள்ளி ஆந்தை வந்து உக்காருது, நம்பலாம், ஆனா சோளம் கதிர் முத்தற நேரத்துல பகல்ல கிளி வந்து அதுலயே உக்காந்து திங்கும், அப்பப் புடுங்கிரோணும். ஆந்தைய வரவெச்சுட்டு கேக்கும் வெச்சா நாமளே கூப்புட்டுச் சோத்துல விசம் வெச்ச கணக்கு, ரெண்டுல ஒண்ணுதான். பூனை சாளைல சுண்டெலிக்கு ஆகும், பெருச்சாளியக் கண்டா எங்க பூனை கூரை மேல ஏறிக்கும். சத்தம் போடற எலெக்ட்ரிக் மெசினு மண்ணுக்குள்ள போகாது, வாங்காதீங்க. தென்னை மரத்துல தகரப்பட்டை கட்டறது மேல ஏறற எலிக்குத்தான், வங்கு போடறதுக்கு அது கேக்காது.

இப்ப நம்ம தோட்டத்துல கேக்கு நிறுத்தியாச்சு. கிளுவை வேலிய எடுக்க மனசு வரல, அதுலதான் கீரியும் இருக்குது, அதனால வேலிக்கு உள்பக்கம் ரெண்டு அடி செதுக்கி வெறும் தரையா வெச்சிருக்கோம், வரப்ப மெல்லிசா ஒதுக்கி வெட்டியாச்சு, மட்டைக் குமிய எடுத்தாச்சு, கொல்லைல எப்பவும் ஆறு கூண்டு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கூண்டப் பாக்கறது பக்கத்துத் தோட்டத்து அக்கா. அதுக்கு வாரம் பத்து நாட்டுக்கோழி முட்டைன்னு பேசுனோம். மொத வாரம் முட்டைய வாங்கிட்டு, "முட்டை இருக்கட்டுமுங் தம்பி, கருவாட்டக் கொஞ்சம் சேத்தி வெச்சுட்டுப் போங்க, எலிக்கு வெச்சது போக எனக்கும் கொளம்புக்கு ஆகும்"னாங்க. இப்ப ரெண்டும் குடுக்கறோம்.