படுத்திருக்கும் பிறை: மூன்று நிலாப் புத்தகங்களும் என் பேத்தியும்

என் பேத்திக்கு ஆறு வயது. அவளிடம் நிலாவையும் பருவகாலங்களையும் பற்றிய படப் புத்தகங்கள் மூன்று இருக்கின்றன. ஒன்று ரொறன்ரோவில் இருக்கும் என் மூத்த மகன் அனுப்பியது. இன்னொன்று யாழ்ப்பாணம் டவுனில் 950 ரூபா கொடுத்து நான் வாங்கிய சென்னை அச்சு. மூன்றாவது, கடந்த நல்லூர்த் திருவிழா நேரம் வீதியோரக் கடையொன்றில் 280 ரூபாவுக்கு எடுத்த ஊர்ப் புத்தகம். ஆறு மாதமாக இந்த மூன்றையும் மாறி மாறி வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பவன் நான். நில அளவைப் படம் கீறியே வேலைக்காலத்தைக் கழித்தவன் என்பதால், கோடு எங்கே சரிந்திருந்தாலும் கண் அங்கேதான் போகும். அந்தக் குணத்தை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கையில் எடுத்துப் பார்த்தால் ரொறன்ரோப் புத்தகத்தை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. தடித்த மட்டைத் தாள், மழுங்கிய மூலைகள். ஒருநாள் தேத்தண்ணீர் முழுதாகக் கவிழ்ந்தது, துடைத்ததும் போய்விட்டது. ஒரே மரம் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது: தளிர், பச்சை, சிவப்பு, பிறகு மொட்டைக் கொப்புகளில் பனி. மேலே நிலாவை மட்டும் வெள்ளி நிறத்தில் தடவிப் பார்க்கும்படி புடைப்பாக அச்சடித்திருக்கிறார்கள். அந்த இடம் பேத்தியின் விரல் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. எழுத்து ஆங்கிலம் என்பதால் கதையைத் தமிழில் சொல்வது என் வேலை.

சிவப்பு இலைப் பக்கம் வந்த முதல் நாள் அவள் கேட்டாள்: "அப்பப்பா, மரத்துக்கு என்ன வருத்தம்?"

மறுநாள் காலை ஒழுங்கை முடக்கில் நிற்கும் வாதுமை மரத்தடிக்குக் கூட்டிப்போய், விழுந்து கிடந்த சிவப்பு இலைகளைக் காட்டினேன். ஒன்றைப் பொறுக்கி வந்து அந்தப் பக்கத்துக்குள் வைத்திருக்கிறாள். இலை பழுப்பது விளங்கிவிட்டது. வருடத்துக்கு நான்கு காலம் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை, எப்படி விளங்கும்? எங்களுக்கு மாரி, கோடை. இலக்கணத்தில் உள்ள ஆறு பெரும்பொழுதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அதில் ஆவணியும் புரட்டாதியும் கார்காலம். யாழ்ப்பாணத்தில் ஆவணி வெயிலில் நடந்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் பருவம் மாறுவது கதவுச் சத்தத்தில்தான் தெரியும். வைகாசியில் சோளகம் எழும்பினால் முன்கதவு அடிக்கும், மாரி பிறந்து வாடை வந்தால் குசினிக் கதவு அடிக்கும். காற்றுக்குப் பக்கம் ஒதுக்கிய படப் புத்தகம் உண்டா என்று அப்போதே தேடத் தொடங்கினேன்.

சென்னைப் புத்தகத்தின் கவர்ச்சி அதன் சக்கரம். மட்டையைத் திருப்பினால் ஒரு ஓட்டைக்குள் அமாவாசையிலிருந்து பூரணை வரை எட்டு நிலா வந்து போகும். வளர்பிறை, தேய்பிறை என்ற ஒழுங்கைப் பேத்தி அதில்தான் பிடித்தாள். அதற்காக நன்றி. ஆனால் உள்ளே, பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு எழுதுவதென்றால் எதையும் எழுதலாம் என்ற நினைப்பு. நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் விழுகிறது. அந்தப் பாதியில் எவ்வளவு எங்கள் பக்கம் தெரிகிறது என்பதுதான் பிறையும் பூரணையும்.

இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேசிக்காய் போதுமாக இருந்தது. வளர்பிறை எட்டாம் நாள் பின்னேரம், வெயில் இருக்கும்போதே கிழக்குப் பக்கம் அரை நிலா தெரியும். அந்த நேரம் தேசிக்காயை வெயில் படும்படி கையை நீட்டி, நிலாவுக்கு நேரே பிடிக்க வேண்டும். நிலாவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ, தேசிக்காயிலும் அதே பக்கம்தான் வெளிச்சம். பேத்தி மூன்று தரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு அந்தத் தேசிக்காயை வீட்டில் ஒருவரும் வெட்டக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள்.

பூமியின் நிழலையும் அவளுக்குக் காட்ட முடிந்தது தற்செயல். 2025 செப்டெம்பர் 7, பூரணைப் போயா நாள், இரவு 11 மணிக்கு நிலா முழுதாக நிழலுக்குள் போனது. நித்திரையில் கிடந்தவளை மனைவியின் ஏச்சையும் மீறி முற்றத்துக்குத் தூக்கி வந்தேன். செப்புக்குடம் போல ஒரு நிலா. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவள், உள்ளே ஓடிப்போய்ச் சென்னைப் புத்தகத்தை எடுத்து வந்து, டோர்ச் வெளிச்சத்தில் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிச் சிவப்பு நிலாவைத் தேடினாள். எங்கே இருக்கும்?

அதே புத்தகத்தில் 'மழைக்காலம்: ஜூன் முதல் செப்டெம்பர் வரை' என்று குடையும் தவளையுமாக ஒரு பக்கம். அந்த நான்கு மாதமும் இங்கே புழுதி. சென்னைக்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடக்கே எங்கேயோ எழுதியதைத் தமிழில் மாற்றியவர் தன் வீட்டு யன்னலைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. சக்கரத்தை மட்டையோடு பிடித்த ஆணி இரண்டாம் மாதமே கழன்றது. கடைக்குக் கொண்டுபோனேன். "ஐயா, பாவிச்ச புத்தகம் மாத்தேலாது" என்றார்கள். பாவிக்காமல் சக்கரம் எப்படிக் கழலும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் என் சட்டைப் பொத்தான் ஒன்று இருக்கிறது, நன்றாகவே சுற்றுகிறது.

சரி, ஊர்ப் புத்தகத்துக்கு வருகிறேன். 28 பக்கம், நடுவில் இரண்டு கம்பி. அட்டை மெல்லியது, நீலம் பல இடங்களில் கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் இரண்டிரண்டு பக்கம். எல்லாவற்றிலும் ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே நாய். ஆடியில் சோளகம் அடித்துக் கொடிக்கயிற்றுச் சேலை பறக்க, கீழே கூழ்ப் பானை. ஆவணி இரவில் பனம்பழம் விழுந்த சத்தத்துக்கு ஒரு பெடியன் டோர்ச்சோடு ஓடுகிறான். புரட்டாதியில் ஈரமில்லாத வயலில் புழுதி விதைப்பு. தை மாதம் வாடையில், காற்றில் ரீங்கரிக்கும் விண் பூட்டிய பட்டம், நூல் பக்கத்துக்கு வெளியே போய் அடுத்த பக்கத்தில் முடிகிறது. சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்த முற்றம், பறுவத்துக்கு, அதாவது பூரணைக்கு, கஞ்சி. காற்றுக்குப் பக்கம் ஒதுக்கியவர் ஒருவர் இருக்கிறார்.

ஆனால் நான் எழுந்து நின்று கைதட்ட நினைத்த இடம் கார்த்திகை. இரண்டு பக்கமும் கரும் சாம்பல் நிறம், சாய்ந்த மழைக் கோடுகள், ஒரு மூலையில் வெள்ளை தடவியது போல ஒரு மங்கல். எழுத்து இரண்டே வரி, இன்று பூரணை என்பதுதான் அதன் பொருள். நிலாப் புத்தகத்தில் நிலாவைக் காட்டாமல் விட ஒரு துணிவு வேண்டும். பேத்தி அந்த மங்கலைச் சுரண்டிப் பார்த்தாள், பின்னால் நிலா இருக்கும் என்று.

இன்னொரு பக்கத்தில் நாய் மதிலில் ஏறி நிலாவுக்குக் காத்திருக்கிறது. நேற்று வந்த நேரத்துக்கு இன்று வரவில்லை. நிலா நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தித்தான் எழும்பும் என்பதை மணிக்கூடு காட்டாமல், நாயின் கண் இமை ஒவ்வொரு இரவும் இன்னும் கொஞ்சம் மூடுவதாகக் கீறியே சொல்லிவிட்டார்.

பிழை இல்லையா என்றால் இருக்கிறது. வைகாசிப் பக்கத்தில் கடலுக்குள் சூரியன் இறங்குகிறது, அதே கடலுக்கு மேலே பக்கத்திலேயே முழு நிலா. பூரணையன்று சூரியன் மேற்கில் விழ, நிலா கிழக்கில் எழும்ப வேண்டும். இவ்வளவு பார்த்துக் கீறியவர் அங்கே ஏன் வழுக்கினாரோ. பென்சிலால் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு 'கிழக்கு' என்று எழுதி வைத்தேன். பேத்தி அழிறப்பரால் அழித்துவிட்டாள். புத்தகத்தில் எழுதக்கூடாதாம், ரீச்சர் சொன்னவவாம்.

பிறை விஷயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோப் புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது, அதன் குழிக்குள் ஒரு நட்சத்திரம் வேறு. அந்தக் குழி வெறும் வானம் அல்ல, நிலாவின் இருட்டுப் பக்கம். அதற்குள் நட்சத்திரம் தெரியாது. ஊர்ப் புத்தகத்தில் பிறை தோணி போல மல்லாந்து கிடக்கிறது. பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் மூன்றாம் பிறையைப் பார்த்துவிட்டுப் பேத்தி கேட்டாள்: "அப்பப்பா, கனடா நிலா நிக்குது, எங்கட நிலா ஏன் படுத்துக் கிடக்கு?"

அன்றிரவே மகனோடு கதைத்தேன். அங்கேயும் அன்று பின்னேரம் என் பேரன் யன்னலால் பார்த்துப் பிறையைக் கீறி வட்ஸ்அப்பில் அனுப்புவது என்று ஏற்பாடு. போன் கமராவில் எடுத்தால் இரண்டு பேருக்கும் வெள்ளைப் பொட்டுத்தான் விழும். விடிய எழும்பியபோது படம் வந்திருந்தது. இவள் கீறியது தட்டையான தோணி. அவன் கீறியது வலப்பக்கம் சரிந்து எழும்பிய பிறை, கீழே வீட்டுக் கூரையில் பனி. நாங்கள் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 10 பாகைக்கும் குறைவாக இருக்கிறோம். தை, மாசியில் சூரியனும் பிறையும் இங்கே நேரே கீழிறங்கும். சூரியன் பிறைக்கு அடியில் இருப்பதால் அடிப்பக்கம் வெளிச்சம். ரொறன்ரோ கிட்டத்தட்ட 44 பாகை வடக்கே, அங்கே இரண்டும் சரிந்துதான் இறங்கும். அந்தப் புத்தகத்தின் பிறையை அதுவரை நான் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நட்சத்திரம் பிழைதான்.

அடுத்த நாளும் பேத்தி பிறை பார்க்க முற்றத்துக்கு இறங்க, மனைவி குசினிக்குள் இருந்து கத்தினாள்: "இஞ்சாருங்கோ, நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு எண்டு தெரியாதோ? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு!" பார்த்தோம். பாடு ஒன்றும் வரவில்லை, இரண்டு நாள் சளி மட்டும்.

யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஊர்ப் புத்தகம் என்பேன். சென்னைப் புத்தகத்தைச் சக்கரத்துக்காக வாங்கலாம், நிழல் பக்கத்தை இரண்டு கிளிப் போட்டு மூடிவிட்டால். பேத்தியைக் கேட்டால் வேறு கதை. நித்திரைக்குப் போகும்போது அவள் கட்டிப்பிடித்திருப்பது பனி விழும் புத்தகத்தைத்தான், அது அச்சின் பலம்.

ரொறன்ரோப் பேரனுக்கு ஊர்ப் புத்தகத்தில் ஒரு பிரதி அனுப்பலாம் என்று, வாங்கிய இடத்துக்குப் போன கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அது திருவிழாக் கடை, இப்போது அங்கே ஒரு ஓட்டோ நிற்கிறது. அடுத்த கொடியேற்றம் வரை பொறுக்க வேண்டும். அதுவரை எங்கள் பிரதி தாங்க வேண்டுமே என்று கம்பி இரண்டையும் கழற்றிவிட்டு, சாக்கு ஊசியால் நைலோன் நூல் கோத்துத் தைத்து, பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டு வைத்திருக்கிறேன்.