‘டெஸ்ட் பண்ணியாச்சு சார்’ என்று கொடுத்த கார்டும் டிரைவும்: ஷூட்டிங்குக்கு முன் ஒரு எச்சரிக்கை

கேமரா, லென்ஸ், கார்டு, பேக்கப் டிரைவ், டேட்டா பார்க்க ஒரு ஆள் என்று எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகப் பேசி வாடகைக்கு எடுக்கிற யூனிட்டுகள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சென்னையில் ஒரு வாடகை நிறுவனம் சமீபத்தில் அனுப்பிய பேக்கேஜில் கேமராவும் லென்ஸும் சுத்தம். கோளாறு முழுக்க, யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சின்னப் பெட்டியில்தான் இருந்தது: 512 ஜிபி என்று போட்ட நான்கு சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி வகை மெமரி கார்டுகள், 2 டிபி என்று போட்ட ஒரு போர்ட்டபிள் எஸ்எஸ்டி (பேக்கப் டிரைவ்), ஒரு கார்டு ரீடர், ஒரு கேபிள். நான்கு கார்டில் இரண்டு தேறவில்லை. எஸ்எஸ்டி முழுப் போலி. கேபிள் சார்ஜ் போட மட்டும் லாயக்கு. ஷூட்டிங்குக்கு முன்பே சோதித்ததால் ஃபுட்டேஜ் எதுவும் போகவில்லை.

கேட்டால் வந்த பதில்: “சார், போன வாரம்தான் ஒரு யூனிட் இதே கார்டுல மொத்த ஷெட்யூலையும் முடிச்சுட்டு வந்தாங்க. டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறோம்.” அவர்கள் சொல்வது பொய் என்று கூடச் சொல்ல முடியாது. கேமராவில் கார்டைப் போட்டு, ஃபார்மேட் அடித்து, 24 ஃபிரேமில் ஒரு நிமிடம் ஓட்டி, பிளே பண்ணிப் பார்ப்பதுதான் அவர்கள் அகராதியில் டெஸ்ட். அந்த டெஸ்ட்டில் இந்தக் கார்டுகள் எப்போதும் பாஸ் ஆகும். ஏன் என்பதுதான் முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். யுஹெச்டி 4கே, புரோரெஸ் 422 ஹெச்க்யூ (ஆப்பிளின் வீடியோ பதிவு வடிவம்), நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஆப்பிளின் கணக்குப்படி நொடிக்கு 707 மெகாபிட். அதாவது நொடிக்குச் சுமார் 88 எம்பி, மணிக்கு 318 ஜிபி. பாட்டுக்கோ சண்டைக்கோ 48 ஃபிரேமுக்குப் போனால் இது அப்படியே இரட்டிப்பாகும்: நொடிக்குச் சுமார் 177 எம்பி. கார்டின் முகப்பில் 1700, 1500 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்களே, 177 என்ன பிரமாதம் என்று தோன்றும். அந்த 1500 உச்ச வேகம். விலை குறைந்த கார்டுகள் உள்ளே வரும் டேட்டாவை முதலில் வேகமான ஒரு தற்காலிகப் பகுதியில் வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக மெதுவான பகுதிக்கு மாற்றும். அந்தத் தற்காலிகப் பகுதி நிரம்பிய கணத்தில் வேகம் தலைகுப்புற விழும்.

தேறாத அந்த இரண்டு கார்டுகளிலும் சுமார் 95 ஜிபி வரைக்கும் எல்லாம் ஜோர். அதைத் தாண்டியதும் நொடிக்கு 130 எம்பி. 24 ஃபிரேமுக்கு 88 போதும் என்பதால் கார்டு முழுவதும் நிறையும் வரை ஒரு குறையும் தெரியாது. 48 ஃபிரேமில் ஒன்பதாவது நிமிடத்தில் ஃபிரேம் விழ ஆரம்பித்து கேமரா ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும். பாட்டில் யார் ஒன்பது நிமிடம் விடாமல் ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். அங்கேதான் வில்லங்கம். கார்டு நிறைய நிறைய அந்த வேகப் பகுதியின் அளவும் சுருங்கும். டேக்குக்கு டேக் இடைவெளி குறைந்தால் அதைக் காலி பண்ணக் கார்டுக்கு நேரமும் கிடைக்காது. ஆகவே மதியம் மூன்று மணிக்கு, முக்கால்வாசி நிறைந்த கார்டில், ஒன்றரை நிமிட டேக்கிலேயே கட் ஆகும். கேமரா அசிஸ்டென்ட்டைத் திட்டுவார்கள். கார்டை மாற்றினால் சரியாகிவிடும். அடுத்த நாள் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதே கார்டு அடுத்த யூனிட்டுக்குப் போகும்.

கார்டு வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். கிளாப் போர்டு மாதிரி ஒரு சின்ன முத்திரைக்குள் 400 என்றோ 200 என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் விபிஜி முத்திரை. விபிஜி 400 என்றால் நொடிக்கு 400 எம்பிக்குக் கீழே எழுதும் வேகம் இறங்காது என்ற உத்தரவாதம். எஸ்டி கார்டில் அதே வேலையைச் செய்வது வி30, வி60, வி90. முறையே 30, 60, 90 எம்பி. எஸ்டி கார்டில் ஸ்டிக்கரை நம்பாமல் திருப்பிப் பாருங்கள். வி60, வி90 கார்டுகள் யுஹெச்எஸ்-2 என்ற வேகமான இணைப்பு வகை. பின்பக்கம் தங்கநிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசை இருக்கும். ஒரே வரிசைதான் என்றால் அது யுஹெச்எஸ்-1, டேட்டா போகும் பாதையின் உச்சமே 104 எம்பி. முகப்பில் வி90 என்று அடித்திருந்தாலும் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோதிக்கும் முறை. எஃப்3 என்ற இலவச மென்பொருள் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். விண்டோஸ் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. இரண்டும் ஒரே வேலைதான்: கார்டை விளிம்பு வரை தெரிந்த டேட்டாவால் நிரப்பி, பிறகு ஒவ்வொரு பைட்டையும் திரும்பப் படித்து ஒப்பிடும். எஃப்3 ஒவ்வொரு கோப்பையும் 1 ஜிபி அளவில் எழுதும் என்பதால் இன்னொரு வசதி உண்டு. முடிந்ததும் கோப்புகளின் நேரத்தை வரிசையாகப் பாருங்கள். 10 கிகாபிட் ரீடரில் முதல் தொண்ணூற்றுச் சொச்சம் கோப்புகள் ஒன்றுக்கு ஒரு நொடி சுமார். அடுத்த கோப்பிலிருந்து எட்டு எட்டு நொடி. கார்டு எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆப்பும் காட்டாது. சராசரி வேகம் மட்டும் காட்டும் ஸ்பீட் டெஸ்ட் ஆப்புகள் 1 ஜிபி, 5 ஜிபி எழுதிப் பச்சை விளக்குக் காட்டிவிடும். இந்த விஷயத்தில் அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்படிப்பட்ட 512 ஜிபி கார்டு ஒன்றை நிரப்ப ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும், திரும்பப் படிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் ஆகும். நான்கு கார்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

அதன்பின் கேமராவில். லேப்டாப்பில் ஃபார்மேட் பண்ணாதீர்கள், கேமராவிலேயே பண்ணுங்கள். ஷெட்யூலில் எது அதிகபட்சமோ அந்த ஃபிரேம் ரேட், அந்தக் கோடெக்கில் (வீடியோ பதிவு வடிவில்) கார்டு நிறையும் வரை விடாமல் ஓட்டுங்கள். லென்ஸ் கேப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது வீண் வேலை. கறுப்புப் படத்தில் டேட்டா ரொம்பக் குறைவு. புரோரெஸும் சரி, ராவில் (சென்சார் டேட்டாவை அப்படியே பதிவது) தரத்தை நிலையாக வைக்கும் கான்ஸ்டன்ட் குவாலிட்டி வகைகளும் சரி, படத்தில் நுணுக்கம் கூடினால்தான் முழு வேகத்துக்கு எழுதும். காற்றில் ஆடும் வேப்பமரத்தைப் பார்த்துக் கேமராவைத் திருப்பிவையுங்கள், ஃபோகஸ் ஷார்ப்பாக இருக்கட்டும். முடிந்தால் வெளியில் வெயிலில் செய்யுங்கள். கார்டு சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் அது தெரியாது.

இனி அந்த எஸ்எஸ்டி. உலோகப் பெட்டி, பளபளப்பான எழுத்து, கையில் எடுத்தால் மட்டும் காலி தீப்பெட்டி மாதிரி கனமே இல்லை. செருகினால் 2 டிபி என்று காட்டியது. 300 ஜிபி ஃபுட்டேஜைக் காப்பி செய்ததும் ‘முடிந்தது’ என்றது. ஃபோல்டரைத் திறந்தால் எல்லாக் கோப்பும் சரியான பெயரில், சரியான அளவில் வரிசையாக இருந்தன. செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், போட்டு ஒப்பிட்டதும் வண்டவாளம் வெளியே வந்தது. முதல் 128 ஜிபிக்கு அப்புறம் எழுதிய எதுவுமே உள்ளே இல்லை, படித்தால் வெறும் பூஜ்யங்கள். ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மெமரி கார்டு ரீடர் போர்டு; அதில் பசை போட்டு ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. அவ்வளவுதான்.

இது எப்படி ஏமாற்றுகிறது என்றால், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) மாற்றி 2 டிபி என்று சொல்லவைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர், அளவு எல்லாம் டிரைவின் தொடக்கத்தில், அதாவது நிஜமாக இருக்கும் பகுதியில் பதிவாகும். அதனால் ஃபோல்டர் எப்போதும் அழகாகத் தெரியும். உள்ளடக்கம் போவது இல்லாத பகுதிக்கு. கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டு குப்பையில் போட்டுவிடும். சில போலிகள் குப்பையில் போடாமல் மறுபடி தொடக்கத்திலிருந்து மேலேயே எழுதும். அது இன்னும் மோசம், நல்லபடியாக இருந்த முதல் நாள் ஃபுட்டேஜையும் சேர்த்து அழித்துவிடும். 2 டிபி முழுவதையும் எழுதிச் சோதிக்க இந்த மாதிரி மந்தமான டிரைவில் ஒரு ராத்திரி போதாது. லினக்ஸ் லேப்டாப் இருந்தால் எஃப்3 தொகுப்பில் உள்ள எஃப்3புரோப் சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்து, நிஜ அளவை விரைவில் சொல்லிவிடும்.

கேபிள் விஷயம் சின்னது, ஆனால் ஒரு முழு நாளை விழுங்கிவிடும். டைப்-சி கேபிள் எல்லாம் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும். சார்ஜருடன் வரும் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0; நொடிக்கு 40 எம்பி கிடைத்தால் பெரிது. அந்த வேகத்தில் 512 ஜிபி கார்டு இறங்க மூன்றரை மணி நேரம். சரியான 5 கிகாபிட் கேபிளில் இருபது நிமிடச் சொச்சம். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன், யுஎஸ்பி என்று போனால் 480 மெகாபிட், 5 கிகாபிட், 10 கிகாபிட் என்று லிங்க் வேகம் தெரியும். 480 என்று வந்தால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறோம் என்று சொன்னாலும் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நான்கு கார்டு என்றால் 2 டிபி. போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 எம்பி எழுதும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எழுதுவதும் சரிபார்க்கத் திரும்பப் படிப்பதும் சேர்த்து ஒன்பதரை மணி நேரம். பெரிய கொள்ளளவுள்ள 2.5 இன்ச் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி நெருக்கி எழுதுவது) என்பதால் தொடர்ந்து எழுதினால் இந்த 120 கூட நிற்காது. நேரம் போதாதபோது டேட்டா ஆள் எதைக் குறைப்பார்? சரிபார்ப்பைத்தான். அது யார் கண்ணிலும் படாது.

இந்த பேக்கேஜில் ‘வெரிஃபைடு பேக்கப்’ என்று தனியாகத் தினக்கூலி வேறு போட்டிருந்தார்கள். மாதிரி ரிப்போர்ட் கேட்டதும் ஒரு பிடிஎஃப் வந்தது: கோப்பின் பெயர், அளவு, பக்கத்தில் ஒரு பச்சை டிக். ஹாஷ் எண், அதாவது மேலே சொன்ன செக்சம், ஒன்று கூட இல்லை. இழுத்துப் போட்டுக் காப்பி செய்து, ஃபோல்டர் அளவைப் பார்த்து டிக் போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன போலி எஸ்எஸ்டி இந்தச் சரிபார்ப்பில் நூற்றுக்கு நூறு வாங்கும்.

நிஜ ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கிளிப்புக்கும் எம்டி5 அல்லது எக்ஸ்எக்ஸ்ஹாஷ் வகை ஹாஷ் எண் இருக்கும். கூடவே ஃபோல்டருக்குள் அந்த எண்களின் பட்டியலான ஒரு எம்ஹெச்எல் கோப்பு இருக்கும். எடிட்டிங் ஸ்டுடியோவில் அதே கோப்பை வைத்து யார் வேண்டுமானாலும் மறுபடி சரிபார்க்கலாம். இதற்கு விலை உயர்ந்த மென்பொருள்தான் வேண்டும் என்பதில்லை. ஷாட்புட் புரோ, சில்வர்ஸ்டாக், ஆஃப்ஷூட் எல்லாம் இதைச் செய்யும். காசில்லை என்றால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் உள்ள குளோன் டூலில் செக்சம் வசதி இருக்கிறது. ஒரு நுணுக்கம்: காப்பி முடிந்த கையோடு சரிபார்த்தால் கம்ப்யூட்டர் டிரைவைத் தொடாமல் தன் நினைவகத்தில் மிச்சமிருப்பதையே படித்துச் ‘சரி’ என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. சோதனை நாளில் மட்டுமாவது டிரைவை எஜெக்ட் செய்து, பிடுங்கி, மறுபடி செருகிவிட்டுச் சரிபாருங்கள்.

பணம் பற்றி. தேறாத கார்டுகளுக்கு மாற்று கேட்டதற்கு, ‘வாடகையில் கார்டு ஃப்ரீ, அதற்கு எப்படிக் கழிக்க முடியும்’ என்றார்கள். எஸ்எஸ்டியைத் திறந்து காட்டியதற்கு, ‘நீங்கள்தான் மாற்றியிருப்பீர்கள்’ என்றார்கள். அட்வான்ஸில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று பலர் சொல்வார்கள். வணிக நோக்கத்துக்காக வாடகைக்கு எடுத்த சேவை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். படத்தயாரிப்பு நிறுவனம் என்றால் அந்த வாதம் எடுபடவும் செய்யும். ஆகவே கையில் எழுத்து இருப்பதுதான் காப்பு.

சலானில் ‘4 கார்டு, 1 எஸ்எஸ்டி’ என்று ஒற்றை வரியில் எழுத விடாதீர்கள். ஒவ்வொன்றின் சீரியல் எண், கொள்ளளவு, விபிஜி அல்லது வி எண், கேபிளின் வேகம் எல்லாம் தனித்தனி வரியில் வரட்டும். டெலிவரி பையன் நிற்கும்போதே சீரியல் எண் தெரிய போட்டோ எடுத்து அவர்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்புங்கள். எண் இல்லாத கார்டையும், இரண்டு கார்டில் ஒரே எண் இருந்தால் இரண்டையும், அப்போதே பையனிடம் திருப்பிக் கொடுங்கள். டெஸ்ட் நாளுக்குப் பாதி வாடகை கேட்பார்கள், கொடுத்துவிடலாம். ஆனால் ‘டெஸ்ட்டில் தேறாத மீடியாவுக்கு 24 மணி நேரத்தில் மாற்று, இல்லையேல் முழு அட்வான்ஸும் திருப்பித் தரப்படும்’ என்ற வரி சலானிலோ மெயிலிலோ வந்த பிறகுதான் யுபிஐயைத் திறக்க வேண்டும். அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கு, மேனேஜரின் சொந்த எண்ணுக்கு அல்ல.