ஜன்னல் மாற்றுவதற்கு முன் அட்டிக்கைப் பாருங்கள்: ஸ்காபரோவில் எங்கள் பழைய வீட்டு அனுபவம்

நாங்கள் இருப்பது கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில், 1960களில் கட்டிய செங்கல் பங்களோ. கீழே பேஸ்மென்ட், வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ், பழைய ஜன்னல்கள். குளிர்காலத்துக்காகச் செய்த வேலைகளில் எது வருடங்கள் கழித்தும் பலன் தருகிறது, எதை வருஷா வருஷம் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். வீடு வாங்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது "ஜன்னல் மாத்தினீங்களா?" என்றுதான். மாற்றவில்லை. காசு முதலில் போக வேண்டிய இடம் அட்டிக், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடம்.

சூடான காற்று மேலே ஏறும், இது எல்லோருக்கும் தெரியும். அது அட்டிக் மூடியின் இடுக்கு, பாத்ரூம் ஃபேன், சீலிங் லைட்டுக்காக வெட்டிய துளை என்று கிடைத்த வழியாக வெளியே போய்விடும், போன அளவுக்குக் குளிர்காற்று பேஸ்மென்ட் பக்கமிருந்து உள்ளே இழுபடும். காலடி சில்லென்று இருக்கிறது என்றால் ஓட்டை பெரும்பாலும் தலைக்கு மேலேதான்.

எங்கே காற்று ஒழுகுகிறது என்று பார்க்க ஊதுபத்தி போதும். காற்று பலமாக அடிக்கும் ஒரு குளிர்நாளில் ஃபர்னஸை நிறுத்திவிட்டு, கிச்சன் ஃபேனையும் பாத்ரூம் ஃபேனையும் போட்டு, பற்றவைத்த ஊதுபத்தியைக் கதவு ஓரம், வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயின்ட், ஜன்னல் சட்டம் என்று மெதுவாகக் கொண்டுபோங்கள் (திரைச்சீலை கவனம்). நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று வளையும். எங்கள் வீட்டில் ஜன்னலை விட பிளக் பாயின்டுகளிலும் முன்கதவின் அடியிலும்தான் அதிகமாக வளைந்தது. பிளக்குக்குப் பின்னால் வைக்கும் ஃபோம் அட்டை, கதவு இடுக்கை அடைக்கும் வெதர்ஸ்ட்ரிப் பட்டை, சட்டத்தைச் சுற்றி இடைவெளியில் பூசும் கோக்கிங் பசை, எல்லாம் சில்லறைச் செலவுதான். கோக்கிங் இன்னும் அப்படியே நிற்கிறது, கதவு வெதர்ஸ்ட்ரிப் மட்டும் நசுங்கிப்போய் மாற்ற வேண்டி வந்தது.

அட்டிக் மூடி எங்களுக்கு வெறும் பிளைவுட் துண்டாக இருந்தது. அதன் முதுகில் கெட்டியான ஃபோம் போர்டை ஒட்டி, விளிம்பைச் சுற்றி வெதர்ஸ்ட்ரிப் போட்டோம். அடுத்தது பேஸ்மென்ட்டில் காங்கிரீட் சுவர் முடிந்து மரத்தளம் தொடங்கும் இடம். குளிர் தடுக்க அங்கே செருகியிருந்த பழைய ஃபைபர்கிளாஸை இழுத்தபோது அங்கங்கே கரி பிடித்த மாதிரிக் கறுப்பாக இருந்தது. பல வருடமாக அதன் ஊடாகக் காற்று போனதில் படிந்த தூசு அது. ஃபோம் போர்டை அளவாக வெட்டி வைத்து ஓரங்களை ஸ்ப்ரே ஃபோமால் அடைத்தோம். செய்ததில் அதிகம் பலன் தந்தது இதுதான் என்பேன், வேலை முடிந்த வாரமே கால் அதை உணர்ந்தது. ஃபோம் எரியக்கூடிய பொருள், அதை எதால் மூட வேண்டும் என்று நகரத்து விதியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அட்டிக் இன்சுலேஷனை (வெப்பம் வெளியேறாமல் தடுக்கப் பரப்பும் பொருள்) ஆட்களை வைத்து ஆர்-60 அளவுக்கு ஏற்றினோம், இந்த ஆர் எண் கூடக் கூடத் தடுப்பும் கூடும். இப்படியான வேலைகளுக்குக் கனடா மத்திய அரசு உதவித்தொகை தரும் கிரீனர் ஹோம்ஸ் கிரான்ட் 2021இல் தொடங்கி, 5,000 டாலர் வரை கொடுத்தது. 2024இலிருந்து புதிதாக விண்ணப்பிக்க முடியாது. இரண்டு விஷயம் கவனியுங்கள். மேலே கூழாங்கல் மாதிரிச் சின்னச் சின்னதாக மினுங்கும் துண்டுகள் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்ற பழைய கால இன்சுலேஷனாக இருக்கலாம், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு, சோதனை செய்யாமல் கை வைக்கவே கூடாது. இன்னொன்று சோஃபிட் துளைகள், அதாவது கூரை ஓரத்தின் அடிப்பக்கமாக அட்டிக்குக் காற்று வரும் வழி. எங்களுக்கு வேலை செய்தவர்கள் அந்தத் துளைகளை இன்சுலேஷனால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஜனவரியில் மேலே ஏறிப் பார்த்தால் கூரைப் பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆணி நுனியிலும் உறைபனி. திரும்ப வரவழைத்துச் சரி செய்யவைத்தோம். காசு கொடுத்து முடிக்கும் முன் டார்ச் அடித்து ஓரங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஜன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம், ஹேர் டிரையர் பிடித்தால் சுருங்கி இறுகுமே, அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு இலையுதிர்காலமும் புதிதாக ஒட்ட வேண்டும், கழற்றும்போது பெயின்டும் சேர்ந்து வரும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

தெர்மோஸ்டாட் பகலில் 20, இரவில் 17. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இவ்வளவு இறக்கச் சொல்ல மாட்டேன், அம்மா வந்து தங்கும் மாதங்களில் நாங்களே 22 வைக்கிறோம்.

வீடு இறுகினால் ஈரம் உள்ளேயே தங்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சோறு, இடியப்பம், புட்டு என்று நம் அடுப்பிலிருந்து வரும் ஆவி கொஞ்சமில்லை. ஜன்னலில் தண்ணீர் வடிந்து மூலையில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வெளியே காற்றைத் தள்ளும் ஃபேனைச் சமைக்கும் நேரம் முழுக்க ஓடவிடுங்கள், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி, கடுங்குளிரில் 30 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பலனை டாலரில் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2025 ஏப்ரல் 1 முதல் காஸ் பில்லில் அரசு சேர்த்துவந்த கார்பன் கட்டணம் நீங்கியது, கன மீட்டருக்கு 15.25 சதம், அதில் எல்லோருடைய பில்லும் இறங்கியது. எரித்த காஸின் கன மீட்டர் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அந்தக் குளிர்காலம் எவ்வளவு கடுமை என்பதையும் சேர்த்து. அப்படிப் பார்த்ததில் எங்களுக்குக் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்திருக்கிறது, ஃபர்னஸை மாற்றாமலே.

அப்புறம், அடைக்கிற வேகத்தில் ஃபர்னஸின் காற்றுக் குழாய்களையும் டிரையர் வென்ட்டையும் தொடாதீர்கள். பக்கச் சுவரில் ஃபர்னஸின் வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால், பெரிய ஸ்நோ கொட்டிய ஒவ்வொரு தடவையும் சுற்றியுள்ளதை வழித்துவிடுங்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கிறதா, பற்றரி வேலை செய்கிறதா என்று ஹீட்டிங் போடும் முதல் நாளே அமத்திப் பாருங்கள்.