வரிசையில்லாத விருந்துக்கு ஒரு வரிசை: சியோலின் மூன்று கொரிய உணவகங்கள்

கொரியாவின் மரபான சாப்பாட்டு மேசையில் முதலில் வருவது, பிறகு வருவது என்ற பேச்சே கிடையாது. சோறு, சூப், காரமாக ஊறவைத்த காய்கறியான கிம்ச்சி, தொட்டுக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பரப்பப்படும். எதைத் தொட்டு எந்தக் கவளத்தை உண்பது என்பதைச் சாப்பிடுகிறவரே தீர்மானித்துக்கொள்வார். சோற்றையும் சூப்பையும் கிம்ச்சியையும் கணக்கில் சேர்க்காமல், தொட்டுக்கைக் கிண்ணங்களின் எண்ணிக்கையை வைத்து 3, 5, 7, 9 என்று மேசையின் தகுதி பேசப்பட்டது. பழைய ஜோசோன் வம்சத்து அரசரின் மேசைக்கு உரிய எண் 12. இப்படிப்பட்ட ஒரு மரபை எட்டு அல்லது பத்துத் தட்டுகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டரை மணி நேரம் பரிமாறுவதுதான் இன்றைய உயர்தரக் கொரிய உணவகங்களின் ருசிப்பு விருந்து. ஆகவே இந்த உணவகங்களை ஒப்பிடும்போது நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, வரிசையே இல்லாத விருந்துக்கு ஒவ்வொன்றும் எப்படி ஒரு வரிசையைக் கண்டுபிடித்தது, அந்த வரிசையில் சோறு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

சியோலில் மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: ஷில்லா ஹோட்டலின் 23ஆம் தளத்தில் உள்ள லா யோன், காங்னாம் பகுதியின் சோங்தாமில் உள்ள மிங்கிள்ஸ், ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே ஜோக்யே பௌத்தப் பிரிவு நடத்தும் பால்வூ கோங்யாங். உணவகங்களுக்கு நட்சத்திரத் தகுதி வழங்கும் மிஷலின் கையேட்டின் முதல் சியோல் பதிப்பு 2016 நவம்பரில் வெளிவந்தபோது மூன்றுமே அதில் இடம்பெற்றிருந்தன. அன்று மூன்று நட்சத்திரம் பெற்ற இரண்டு உணவகங்களில் லா யோன் ஒன்று. மிங்கிள்ஸுக்கும் கோயில் உணவகத்துக்கும் அன்று கிடைத்தது ஒவ்வொரு நட்சத்திரம். மிங்கிள்ஸ் பின்னர் படிப்படியாக உயர்ந்து 2025 கையேட்டில் மூன்று நட்சத்திரத்தை எட்டியது.

லா யோன் தேர்ந்துகொண்ட வழி மூன்றிலும் பாதுகாப்பானது. அரண்மனை, பிரபுக் குடும்பங்களின் சமையலை எடுத்து, சுவைகளைப் பெரிதாக மாற்றாமல், அளவைச் சுருக்கி, தட்டுத்தட்டாக அடுக்குகிறது. ஒன்பது அறைகள் கொண்ட தட்டில் எட்டு வகை நறுக்குகளை வைத்து, நடுவில் அடுக்கிய மெல்லிய ஆடைகளில் சுருட்டி உண்ணும் குஜோல்பான், நடுவே கரி எரியும் குழாய் கொண்ட பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்கும் சின்சொல்லோ போன்றவை இந்த மரபின் அடையாளங்கள். ஜன்னலுக்கு வெளியே நாம்சான் மலை தெரிய, பேச்சுக்கு இடையூறில்லாத அமைதியில் உண்ணலாம். பெற்றோரை அழைத்துச் செல்வதற்கும், கொரியச் சமையலின் பழைய முகத்தை மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஒரு குறையும் உண்டு. ஒரே மேசையில் பத்துக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து தரும் சுவை, அவற்றைப் பிரித்துத் தனித்தனியே வைக்கும்போது பாதி காணாமல் போகிறது. சோற்றின் துணையில்லாமல் வரும் ஒரு தொட்டுக்கை, எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் எதற்கோ காத்திருப்பதுபோலவே இருக்கிறது.

மிங்கிள்ஸின் சமையற்கலைஞர் காங் மின்கூ இந்தச் சிக்கலை வேறுவிதமாக அவிழ்க்கிறார். ஸ்பெயினில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் மார்ட்டின் பெராசதேகியின் சமையலறையிலும், பின்பு ஜப்பானியப் பாணி நோபு உணவகங்களிலும் வேலை பார்த்துவிட்டு, 2014இல் சியோலில் சொந்த உணவகத்தைத் தொடங்கியவர் அவர். தட்டுகளை ஒன்றாகக் கட்டும் நூலாக அவர் பிடித்துக்கொண்டது ஜாங் எனப்படும் நொதிக்கவைத்த சோயாக் குழம்புகளையும் விழுதுகளையும். சோயாவை வேகவைத்து இடித்துக் கட்டிகளாக்கி, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தால் அது மேஜு. அந்தக் கட்டிகளை ஒங்கி என்னும் மண்சாடியில் உப்புநீரில் ஊறவைத்து, பிறகு பிரித்தெடுத்தால் தெளிந்த நீர் கான்ஜாங், எஞ்சிய விழுது தேன்ஜாங். மேஜுப் பொடியோடு மிளகாய்ப்பொடியும் பசையரிசியும் சேர்ந்தால் கோச்சுஜாங். இந்த ஜாங் தயாரிக்கும் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கொரிய மேசையில் எத்தனை கிண்ணங்கள் இருந்தாலும் அவற்றின் அடியில் ஓடுவது இந்த மூன்றின் சுவைதான். ஆகவே மேசையைக் கலைத்துவிட்டாலும் ஜாங்கை விடாமல் பிடித்துக்கொண்டால் விருந்து கொரிய விருந்தாகவே இருக்கும் என்பதே அவர் கண்ட விடை.

அதன் சான்று அவருடைய பெயர் சொல்லும் இனிப்பு. தேன்ஜாங் கலந்த க்ரெம் ப்ரூலே (மேலே சர்க்கரை கருக்கிய பாலேட்டு இனிப்பு), கான்ஜாங்கில் புரட்டிய பீக்கன் கொட்டைகள், கோச்சுஜாங் பூசிய தானியப் பொரி, மேலே வனிலா ஐஸ்கிரீமும் விஸ்கி நுரையும். கேட்கும்போது வித்தை காட்டுவதுபோலத் தோன்றும். கரண்டியை அடிவரை இறக்கி எல்லாவற்றையும் ஒரே வாயில் எடுக்கும்போதுதான் காரணம் விளங்குகிறது: தேன்ஜாங்கின் உப்பு பாலேட்டின் திகட்டலை வெட்டுகிறது, கொட்டையில் ஒட்டியிருக்கும் கான்ஜாங் கருக்கிய சர்க்கரையின் மணத்தைத் தருகிறது, பொரியின் மெல்லிய காரம் கடைசியாக நாக்கின் பின்புறம் வந்து நிற்கிறது. பல கிண்ணங்களை ஒன்றாகக் கலந்து உண்ணும் பழைய மேசை, இங்கே ஒரே கிண்ணத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. இதைச் செய்யத் தெரிந்தவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பால்வூ கோங்யாங்கைப் பற்றி எழுதும்போது அளவுகோலையே சற்று மாற்றவேண்டியிருக்கிறது. பௌத்தத் துறவிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்களில் உண்டு, கடைசியில் கிண்ணத்தில் நீர் ஊற்றி ஒரு துண்டு கிம்ச்சியால் துடைத்து, அந்த நீரையும் குடித்து முடிக்கும் சடங்கின் பெயர்தான் இந்த உணவகத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே இறைச்சியும் மீனும் இல்லை. அவற்றோடு பூண்டு, வெங்காயத்தாள் உள்ளிட்ட ஐந்து காரமணப் பொருள்களும் விலக்கு. அந்த ஐந்தில் ஒன்று நம் பெருங்காயம் என்பது தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். பூண்டும் வெங்காயமும் சேர்க்காத நம் வீடுகளில் அந்தக் குறையைத் தீர்ப்பதே பெருங்காயம்தான். பௌத்த விதியோ அந்த வாசலையும் அடைத்துவிடுகிறது. எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு சுவை எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பதே இந்தச் சாப்பாட்டின் இன்பம். உலர்ந்த ஷிடாகே காளானும் கடற்பாசியும் சேர்ந்த சாறு, பெரில்லா என்னும் மூலிகைச் செடியின் அரைத்த விதையின் எண்ணெய்ப் பசை, ஆண்டுக்கணக்கில் சாடியில் இருந்த ஜாங், பசையரிசிக் கஞ்சி தடவி உலர்த்திப் பொரித்த இலைகள் என்று ஒவ்வொன்றும் தன் குரலில் பேசுகிறது. காங் மின்கூவே கோயில் உணவை ஜோங் க்வான் என்ற பிக்குணியிடம் கற்றவர் என்பதால், இந்த இரண்டு இடங்களும் ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த இரண்டு ஓடைகள் என்றே சொல்லலாம்.

சோற்றுக்கு வருவோம். சோற்றையும் சூப்பையும் சில தொட்டுக்கைகளையும் முடிவில் ஒரு சிறிய மேசையாக ஒன்றாக வைப்பது கொரிய ருசிப்பு விருந்துகளில் பரவலான ஏற்பாடு. வரிசைக்குப் பணிந்த விருந்து கடைசியில் பழைய மேசைக்கே திரும்பும் இந்தக் கட்டத்தில், வயிறு நிறைந்துவிட்டதே என்று சோற்றை ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் தட்டுகளில் கொஞ்சம் மிச்சம் வைத்தாவது இந்தச் சோற்றுக்கு இடம் விடவேண்டும். கோயில் உணவகத்தில் தாமரை இலையில் பொதிந்து வேகவைத்த சோறு வருகிறது. கட்டைப் பிரித்ததும் எழும் ஆவியில் இலையின் பச்சை மணம் வீசும். பசையரிசி ஒட்டிய அந்தச் சோற்றை எதையும் தொடாமல் முதல் கரண்டி உண்ணவேண்டும். மூன்றிலும் சோற்றுக்கு உரிய மரியாதை இங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது என்பது என் தீர்ப்பு.

சைவ உணவினர் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ கலந்திருக்கும். சூப்பின் அடிச்சாறும் நெத்திலியாகவே இருக்கக்கூடும். கோயில் உணவகத்தைத் தவிர மற்ற இடங்களில், மீன்சாறு உட்பட எதுவும் கூடாது என்பதை முன்பதிவின்போதே தெளிவாக எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். செலவில் கோயில் உணவகத்துக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் கொரியாவில் இல்லை. சியோலுக்குப் பதில் நியூயார்க்கின் கொரிய உணவகங்களில், 2024இல் மூன்று நட்சத்திரம் பெற்ற ஜங்சிக்கிலோ, ஒவ்வொரு தட்டுடனும் விளக்க அட்டை தரும் அட்டோமிக்ஸிலோ உண்ண நினைக்கிறவர்கள், அமெரிக்க வரிகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரே ஒரு இரவுதான் சியோலில் இருக்கிறது என்றால் மிங்கிள்ஸுக்கே என் வாக்கு. இரண்டு நாள் கிடைத்தால், முதல் நாள் பகலில் கோயில் உணவகத்தில் ஜாங்கின் சுவையைத் தனியாக நாக்குக்குப் பழக்கிக்கொண்டு, மறுநாள் இரவு அதே ஜாங் இனிப்பாக மாறுவதைச் சென்று பாருங்கள்.