குவாரிக் கழிவு மேட்டுக்கு மரக்கன்றா, புல்விதையா?

ஆந்திராவின் குப்பம் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளில் லாரி ஏறிப் போகும் கல்லைவிட ஒதுக்கித் தள்ளும் கல்தான் அதிகம். விரிசல் விழுந்தது, நிறம் கலந்தது, அளவு தேறாதது எல்லாம் மேடாகிவிடும். எங்கள் நிலத்தில் ஒரு பகுதியும் கழிவு கொட்டக் குத்தகைக்குப் போய், மேடாகத்தான் கைக்குத் திரும்பியது. குழியெடுத்து மரக்கன்று வைக்கலாம், அல்லது மண் பரப்பிப் புல்லும் செடியும் விதைக்கலாம் என்று இரண்டு வழி இருந்தது. நாங்கள் விதைத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

மரக்கன்றின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கன்று சுலபமாகக் கிடைக்கும், இத்தனை வைத்தோம் என்று எண்ணிக் காட்டலாம், தைலமரமும் சவுண்டலும் மளமளவென்று உயரும். பக்கத்து மேட்டில் அப்படித்தான் வைத்தார்கள். முதல் மழைக்குப் பார்க்க நன்றாகவே இருந்தது.

சிக்கலெல்லாம் தண்ணீரில்தான். கழிவு மேட்டில் மண் கிடையாது. பெரிய பாறைத் துண்டு, சில்லு, தூள், நடுவே பொந்துகள், அவ்வளவுதான். இரண்டடிக் குழியில் செம்மண்ணும் எருவும் போட்டுக் கன்று வைத்து ஒரு குடம் ஊற்றினால், கல் இடுக்கில் அது சலசலவென்று இறங்கும் சத்தம் கேட்கும். சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்காது. வேரும் அந்தச் செம்மண்ணைத் தாண்ட வழியில்லாமல் குழிக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். அதனால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிராக்டர் டேங்கர் சரிவில் ஏறாது. கீழே நிறுத்தி, மோட்டார் போட்டு ஹோஸ் இழுக்க வேண்டும். முதல் கோடையில் குவாரிக் குத்தகைக்காரர் ஆள் போட்டு ஊற்றுவார். இரண்டாவது கோடையில் குவாரி வேலை நின்றிருக்கும், ஆளும் இருக்காது. மார்ச்சிலிருந்து ஆடி மழை வரை யார் ஊற்றுவது, டீசல் யார் காசு? இதற்குத் தெளிவான பதில் கையில் இல்லாதவர்கள் கன்று வாங்க வேண்டாம். பக்கத்து மேட்டில் பாதிக்கு மேல் பட்டுப்போனது அந்த இரண்டாவது கோடையில்தான்.

விதைப்பில் இந்தக் கேள்வியே வராது. கொழுக்கட்டைப் புல் கோடையில் மேலே காய்ந்தாலும் தூரில் உயிர் இருக்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். கொளுஞ்சி காய் வெடித்துத் தானே விதை போட்டுக்கொள்ளும். வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கும். கல் தூளில் இல்லவே இல்லாத சத்து அது. மாடு அதைக் கடிக்காது என்பது இன்னொரு பெரிய வசதி. ஆவாரையும் விராலியும் நம் கரட்டுச் செடிகள், சரளையில் பிழைக்கத் தெரிந்தவை.

முன்வேலை இருக்கிறது, மறைக்கவில்லை. கொட்டியபடியே விட்ட சரிவில் எதுவும் நிற்காது. மொத்தச் சரிவு 28 டிகிரிக்கு மேல் போகாமல் படிப்படியாக இறக்கச் சொல்வது சுரங்க அனுமதிகளில் வழக்கமான நிபந்தனை. அதை ஜேசிபி மேட்டில் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். குவாரி திறக்கும்போது சுரண்டிய மேல்மண்ணைத் தனியாகக் குவித்திருந்தால் அதைவிட நல்லது கிடையாது, ஊர் விதையெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பல வருடம் உயரமாகக் குவிந்து கிடந்தால் மட்டும் உயிர் போய்விடும். அது இல்லையென்றால் அனுமதியோடு ஏரி வண்டல். கல் அறுக்கும் பட்டறைச் சேறு கொட்டிய இடத்தில் காய்ந்தபின் மேலே ஓடு கட்டியிருக்கும். கொத்திவிடாமல் விதைத்தால் முதல் மழையிலேயே விதை வழித்துக்கொண்டு போய்விடும்.

கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சு மாதிரி, காற்றில் பறக்கும். ஈர மண்ணும் சாணியும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கிப் போட்டோம். கொளுஞ்சி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்து உரலில் லேசாகத் தேய்த்தால்தான் ஒன்றுபோல முளைக்கும். அப்புறம் ஆடு. முதல் இரண்டு வருடம் மேய்ச்சலைத் தடுக்காவிட்டால் புல் தூர் கட்டாது. ஊரில் பேசி, அறுத்துக்கொண்டு போகலாம், ஓட்டிவிடக் கூடாது என்று ஏற்பாடு செய்தோம். மழைநீர் அறுத்த ஓடைகளில் மட்டும் வெட்டிவேர் வைத்தோம், அந்த வேலைக்கு அதுதான் சரி.

குத்தகைக்காரரிடம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. சுரங்க வேலை முடிந்த இடத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வளரும் நிலைக்கு நிலத்தைக் கொண்டுவருவதைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கன்று நட்டுப் படம் எடுத்துவிட்டுக் கிளம்ப நினைப்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. புல் பிடித்து மட்கு சேர்ந்த இடத்தில், மூன்றாவது மழைக்கு மேல், புங்கனும் உசிலையும் வைக்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை நிற்கின்றன, முழு வறட்சி ஒன்றை அவை இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் கிரானைட் கழிவோடு பழகிச் சொல்வது. 2001-ல் மூடிய கோலார் தங்கவயலில் நிற்கும் சயனைடு மேடுகள் போன்றவற்றுக்கு இதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அது சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைத்த கல் மாவு. கோடைக் காற்றில் வீடுகளுக்குள் வந்து படிவது. அங்கே முதலில் மண் பரிசோதனை, பிறகு மேலே கனமாக நல்ல மண் மூடல், அதன்பிறகுதான் விதை. முளைத்த புல்லை மாட்டுக்கு அறுக்கவும் கூடாது.