பஹாவ்ல பழைய ஹைலக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு: நான் போன பட்டறை எப்படி

நெகிரி செம்பிலான் பஹாவ் பக்கம் பழைய பிக்கப் வச்சிருக்கவங்க, அதுலயும் இண்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்புற காத்த குளிர வைக்கிற சாமான்), டியூனிங் பாக்ஸு (பவர் ஏத்துறதுக்கு மாட்டுற பெட்டி), ஸ்ட்ரெய்ட் பைப்பு (சைலன்சர் இல்லாத எக்ஸாஸ்ட்)ன்னு சாமான் ஏத்திட்டு அப்புறம் வண்டி இழுக்கல, கரும்புகை, இஞ்சின் லைட்டுன்னு கடை கடையா அலையுறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கெமாஸ் போற ரோட்டுல டவுனைத் தாண்டுனதும் ஒரு ஜிங்க் கூரை பட்டறை இருக்கு, வாசல்ல எப்பவும் ரெண்டு மூணு டிராக்டரோ பழம் ஏத்துற லோரியோ நிக்கும். பேரு போடட்டுமான்னு பட்டறைக்காரரக் கேட்டேன், வேணாம் தம்பி இருக்கிற வேலையே முடியலன்னுட்டாரு. செம்பனை லோரி ஓட்டுறவங்க யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டுவாங்க. அஞ்சு ஸ்டாருக்கு எவ்வளவுன்னா வேலைக்கு அஞ்சு, காத்திருக்கிறதுக்கு ரெண்டு.

வண்டி 2008 ஹைலக்ஸ் 2.5 மேனுவல், 2கேடி இஞ்சின், 2494 சிசி. பேக்டரியில இருந்து வந்தப்ப 102 குதிரை சக்தி, 260 நியூட்டன் மீட்டர் டார்க், இண்டர்கூலர் கிடையாது. டொயோட்டாவே பின்னால வந்த வண்டிங்கள்ல இண்டர்கூலரும் வேற மாதிரி டர்போவும் போட்டு இதே 2.5 இஞ்சின 144 வரைக்கும் ஏத்துனாங்க, அதனால பழைய வண்டிக்காரங்களுக்கு நம்மளும் போட்டா என்னன்னு ஆசை வர்றது நியாயம்தான், நான் அத குறை சொல்ல மாட்டேன். என் மச்சான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்ப வண்டிய என்கிட்ட கொடுத்துட்டுப் போனாரு. அவரு வச்சிருந்தப்பவே வேற ஊர்ல ஒரு கடையில முன்னால பெரிய இண்டர்கூலர், நீல சிலிக்கான் ஹோஸு, திறந்த ஏர் பில்டர், சைலன்சர் இல்லாத எக்ஸாஸ்ட், ரெயில் பிரஷர் பாக்ஸு (அதான் அந்த டியூனிங் பாக்ஸு) எல்லாத்தையும் ஒரே நாள்ல ஏத்திட்டாங்க. ஒரே நாள்ல அஞ்சு சாமான் மாத்துனா அப்புறம் வண்டி தகராறு பண்றப்ப எது காரணம்னு யாருக்கும் தெரியாது, இதுதான் இந்த மொத்தக் கதைக்கும் அடிப்படை.

வெறும் வண்டியா டவுனுக்குள்ள ஓட்டுனா ஒன்னும் தெரியாது, ஜம்முன்னு போகும். சிரம்பான்ல உரமூட்டை ஏத்திக்கிட்டு புக்கிட் புத்துஸ் ஏத்தத்துல மூணாவது கியர்ல மிதிச்சு வந்தா, புது ரோடு அகலமாத்தான் இருக்கு ஆனா ஏத்தம் ஏத்தம்தானே, பின்னால கருப்பா புகை, திடீர்னு யாரோ சாவிய அணைச்ச மாதிரி பவர் செத்துப் போயிடும், இஞ்சின் லைட் எரியும், பின்னால வர்ற லோரிக்காரன் ஹாரன் அடிப்பான். ஓரமா நிறுத்தி சாவிய அணைச்சுப் போட்டா மறுபடியும் ஓடும். லோடோட வீட்டுக்காரியையும் பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு வர்றப்ப அப்படி ஆச்சுன்னா எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தப் பட்டறைக்கு வர்றதுக்கு முன்னால ஒரு இடத்துல ஹோஸ கழட்டி உள்ள எண்ணெய் இருக்குன்னு காட்டி டர்போ போச்சு, மாத்தணும்னாங்க. இன்னொரு இடத்துல ஸ்கேன் பண்ணாங்க, பி0093 கோடு (வண்டிக் கம்ப்யூட்டரு காட்டுற கோளாறு நம்பரு) வந்துச்சு, டீசல் லீக்குன்னு அர்த்தம், பம்பும் நாலு இஞ்செக்டரும் மாத்தணும்னு நாலாயிரம் வெள்ளிக்கு மேல சொன்னாங்க. ரெண்டு இடத்துலயும் யாரும் ஒழுங்கா ஒரு டெஸ்ட்டு கூட பண்ணல, பார்த்தாங்க, சொன்னாங்க, அவ்வளவுதான்.

இங்க உள்ள போமன் (மெக்கானிக்) அண்ணன் முன்னால தோட்டத்து வர்க்ஷாப்புல டிராக்டர் பார்த்தவரு. பானெட்ட திறக்கிறதுக்கு முன்னாலயே அவரு கேட்டது, "என்னென்ன மாத்தியிருக்கு, எது முதல்ல கோளாறு காட்டுச்சு, பழைய சாமான் வீட்ல இருக்கா?" மச்சான் நல்ல வேளையா எல்லாத்தையும் சாக்குல கட்டி வச்சிருந்தாரு. அத எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. அன்னிக்கு எனக்கு கொஞ்சம் கடுப்புதான், ஆனா அந்த சாக்கு இல்லாம அவரு செஞ்ச எதையும் செஞ்சிருக்க முடியாது.

கோடைப் பத்தி அவரு சொன்னத அப்படியே எழுதுறேன், ஏன்னா பணத்த மிச்சப்படுத்துன பேச்சு இதுதான். "கோடுங்கிறது கம்ப்யூட்டரு என்ன பார்த்துச்சுன்னு சொல்லும் தம்பி, எந்த சாமான் கெட்டுச்சுன்னு சொல்லாது." இந்த டீசல் இஞ்சின்ல பம்பு டீசல அழுத்தி ஒரு இரும்புக் குழாய்ல வச்சிருக்கும், அதுதான் ரெயில், அங்க இருந்துதான் நாலு இஞ்செக்டருக்கும் போகும். ரெயில்ல எவ்வளவு அழுத்தம்னு ஒரு சென்சாரு வோல்டேஜா சொல்லிக்கிட்டே இருக்கும். நம்ம ஆளுங்க வாங்கி மாட்டுற அந்த மலிவு பாக்ஸு சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, உள்ளதவிட கம்மியா அழுத்தம் இருக்குன்னு பொய் சொல்லும். கம்ப்யூட்டரு அத நம்பி இன்னும் அழுத்தச் சொல்லும், டீசல் கூடப் போகும், வண்டி இழுக்குற மாதிரி இருக்கும். ஆனா ரெயில் முனையில ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கு, உண்மையான அழுத்தம் அளவுக்கு மேல போனா அது திறந்து டீசல டேங்குக்கே திருப்பி விட்டுடும். அப்ப அழுத்தம் டமார்னு இறங்கும், கம்ப்யூட்டருக்கு அது எங்கயோ பெரிய லீக்குன்னுதான் தெரியும், உடனே இஞ்சினக் காப்பாத்த பவர குறைச்சிடும். பி0093ன்னு வந்தது அதுதான். பம்பு பாவம், சொன்ன வேலையச் செஞ்சுச்சு, அதுக்குப் போய் அத மாத்தச் சொன்னாங்க.

அத வாயில சொல்லிட்டு விடல. பாக்ஸக் கழட்டி பழைய பிளக்க மாட்டி, பட்டறையில கிடந்த மூட்டைங்கள பின்னால ஏத்தி, ஸ்கேனர என் கையில கொடுத்து ரெண்டு நம்பர பார்த்துக்கிட்டே வரச் சொன்னாரு, கம்ப்யூட்டரு கேக்குற அழுத்தம் ஒன்னு, நெசமா இருக்குற அழுத்தம் ஒன்னு. புக்கிட் புத்துஸ் வரைக்கும் அவரே ஓட்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டும் ஒட்டியே போச்சு, பவரும் சாகல, லைட்டும் வரல. லோடு ஏத்தி ஏத்தத்துல வச்சுப் பார்த்த ஒரே கடை இதுதான், மத்தவங்க எல்லாம் கடை வாசல்ல நிறுத்தி ஆக்சிலேட்டர மிதிச்சுப் பார்த்ததோட சரி.

ஆனா இழுவை இன்னும் மந்தமாத்தான் இருந்துச்சு, அதுக்கு அவரு பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. பிவிசி பைப்போட மூடியில டயர் வால்வு ஒன்ன மாட்டி வச்சிருக்காரு, அத டர்போ வாய்ல கிளாம்ப் போட்டு இறுக்கி, காத்து கொஞ்சமா விட்டு, எல்லா ஜாயிண்டுக்கும் சோப்புத் தண்ணி அடிச்சாரு. இண்டர்கூலருக்கு கீழ இருக்குற ஜாயிண்டுல நுரை பொங்குச்சு. இஞ்சின் மூச்சுக்குழாய்ல இருந்து வர்ற எண்ணெய் ஆவி கொஞ்சம் அந்தக் குழாய்ல படியுறது சாதாரணம், பழைய டீசல் எல்லாத்துலயும் இருக்கும், அத வச்சு டர்போ போச்சுன்னு சொல்ல முடியாது. அந்த எண்ணெய் வழுக்கல்ல ஹோஸு நழுவாம இருக்கணும்னா அலுமினிய குழாய் முனையில ஒரு மேடு இருக்கணும், ஏத்துனவங்க வெட்டுன குழாய அப்படியே சொருகிட்டு, திருகு போட்ட சாதா கிளிப்ப வெறி பிடிச்சு இறுக்கியிருக்காங்க, கிளிப்பு சிலிக்கான அறுத்துருக்கு. பக்கத்து வெல்டிங் கடை சீன அங்கிள், எங்களவிட சுத்தமா தோட்டத்துத் தமிழ் பேசுவாரு, முனையில வரிசையா வெல்டு வச்சுக் கொடுத்தாரு. உள்ள வெளிய துடைச்சு, ஹோஸ மாத்தி, டி-போல்ட் கிளாம்ப் போட்டு மறுபடியும் சோப்புத் தண்ணி, ஒரு நுரை கூட இல்ல. அப்படியே கை விட்டுப் பார்த்தப்ப டர்போவோட வேஸ்ட்கேட்டுக்கு (பூஸ்ட்ட, அதாவது டர்போ அழுத்தத்த, அடக்குற வால்வு) போற சின்ன ரப்பர் ஹோஸு எக்ஸாஸ்டுல உரசி வெந்து போயிருக்குறது தெரிஞ்சது. அது அறுந்திருந்தா பூஸ்ட்டு அடங்காம ஏறியிருக்கும், ஹோஸோட விலை கொஞ்சம் காசுதான். பூஸ்ட் சென்சாருக்குப் போற குழாயும் கரியில அடைச்சுக் கிடந்தது, சுத்தம் பண்ணதும் மிதிச்ச உடனே கிளம்புது.

டர்போவோட தண்ட விரல்ல பிடிச்சு ஆட்டிக் காட்டுனாரு, லேசா ஆடுது, இறக்கை சுவத்துல தட்டல, நல்லாத்தான் இருக்கு. இஞ்செக்டருக்கு நாலு பாட்டில் கட்டி ரிட்டர்ன் டீசல் பிடிச்சாரு, கெட்ட இஞ்செக்டர்னா அந்த பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும், நம்மளது நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அந்த நாலாயிரம் வெள்ளி அங்கயே மிச்சம்.

டீசல் பில்டர் மட்டும் மோசம், கழட்டுனா அடியில தண்ணி. 2019ல இருந்து நம்ம பம்புல வர்றது பி10, பத்து சதவீதம் பனை எண்ணெய் டீசல், பழைய டேங்குல படிஞ்ச அழுக்க அது கரைச்சுக் கொண்டு வந்து பில்டர்ல சேர்க்கும், அதனால பழைய வண்டிக்கு பில்டர சீக்கிரம் சீக்கிரம் மாத்துங்கன்னாரு.

திறந்த ஏர் பில்டர அவரு விடவே இல்ல, கழட்டி சாக்குல இருந்த பழைய ஏர் பில்டர் பெட்டிய மாட்டிட்டாரு, நானும் அவரு பக்கம்தான். தோட்டத்து செம்மண் ரோட்டுல பழ லோரிக்குப் பின்னால போறவங்களுக்குத் தெரியும் எவ்வளவு புழுதின்னு. திறந்த பில்டர் அந்தப் புழுதிய ஓரளவு உள்ள விடுது, டர்போ இறக்கைய அரிக்குது, போதாக்குறைக்கு இஞ்சின் சூட்டுக் காத்தையே இழுக்குது, வெளியில சத்தம் நல்லா வருதுங்கிறத தவிர எங்க ஊருக்கு அதுல ஒரு லாபமும் இல்ல. சைலன்சரும் திரும்பப் போட்டாச்சு. புகை அளவுக்கு சட்டத்துல 50 எச்எஸ்யூன்னு (புகை எவ்வளவு கருப்புன்னு அளக்குற கணக்கு) இருக்கு, ரோட்டுல ஜாபாத்தான் ஆலாம் செகித்தார் (சுற்றுச்சூழல் இலாகா) காரங்க நிறுத்தி டெஸ்ட் பண்ணா அந்த டியூனிங் பாக்ஸோட நாங்க தேறியிருக்க மாட்டோம். ஏத்தத்துல இஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாம கிளட்ச் வழுக்குனதும் டியூனிங் பாக்ஸ் போனதோட நின்னுடுச்சு, இப்பவே மாத்த வேணாம், ஓட்டுங்கன்னு அவரே சொல்லிட்டாரு. வேலை கைக்கு வந்தும் வேணாம்னு சொல்ற போமன நான் இங்கதான் பார்த்தேன்.

இண்டர்கூலர் மட்டும் வண்டியில இருக்கு. டர்போ அழுத்துன காத்து சூடாகும், சூடான காத்து லேசா இருக்கும், அத குளிர வச்சு அனுப்புனா நீண்ட ஏத்தத்துல இஞ்சினுக்கு நல்லதுதான், ஒழுங்கா மாட்டியிருந்தா.

10 ஜூன் 2024ல தீபகற்பத்துல டீசல் ஒரே ராத்திரியில 2 வெள்ளி 15 காசுல இருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறுச்சே, அதுல இருந்து எங்கள மாதிரி சின்னத் தோட்டக்காரங்களுக்கு புடி பணம் (டீசலுக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகை) வந்தாலும் ஒவ்வொரு லிட்டரும் கணக்குத்தான். முன்னால லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கூட சரியா வராது, இப்ப பத்துக்கு மேல வருது. மொத்தமா வெல்டிங், ஹோஸு, கிளாம்ப், பில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்குள்ள முடிஞ்சுது. மாத்துன ஒவ்வொரு பழைய சாமானையும் தட்டுல வச்சு என்கிட்ட காட்டுனதுக்கு அப்புறம்தான் காசு வாங்குனாரு.

இப்ப அந்த ரெண்டு ஸ்டார் விஷயம். போன் எடுக்க மாட்டாரு. வாட்சப்புல அனுப்புனா ராத்திரிதான் பதில் வரும். எப்ப முடியும்னு கேட்டா சொல்ல மாட்டாரு, நடுவுல தோட்டத்து டிராக்டர் வந்துட்டா நம்ம வண்டி ஓரமா போயிடும், அவருக்கு அது வயித்துப் பொழப்பு, இருந்தாலும் வேலைக்குப் போக வண்டி இல்லாம நிக்கிறவங்களுக்கு அது பெரிய கஷ்டம். ஒரு தேதி சொல்லி, தள்ளிப் போனா ஒரு மெசேஜ் போட்டா போதும், அண்ணே, இத படிச்சீங்கன்னா தயவுசெஞ்சு அதைச் செய்யுங்க. உக்கார இடமும் இல்ல, மழை பெஞ்சா வண்டிக்குள்ளதான் உக்காரணும். ரசீது கேட்டாத்தான் எழுதித் தருவாரு. பவர் ஏத்துற வேலை, மேப் போடுறது (இஞ்சின் கம்ப்யூட்டர்ல செட்டிங் மாத்துறது) எல்லாம் இங்க கிடையாது, அதுக்குன்னு போயிடாதீங்க.

போறவங்க காலையில எட்டு மணிக்குள்ள, இஞ்சின் குளிர்ந்திருக்கறப்பவே போயிடுங்க, கோல்ட் ஸ்டார்ட்ட அவரு கட்டாயம் கேட்டுப் பார்ப்பாரு. கழட்டுன ஒரிஜினல் சாமான் எல்லாத்தையும் கையோட கொண்டு போங்க, எது எப்ப மாத்துனீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக்கிட்டு போனா இன்னும் நல்லது. ஏற்கனவே வேற கடையில ஸ்கேன் பண்ணியிருந்தா அந்தக் கோடுங்கள அழிக்க விடாம போட்டோ எடுத்து வச்சுக்குங்க, அண்ணன் முதல்ல கேக்குறது அதத்தான். ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை மத்தியானத்தோட மூடிடுவாரு.