மையமா, வீட்டுப் பயிற்சியா, பெற்றோர் குழுவா: முதலில் எதைப் பிடிப்பது?

குழந்தைக்கு ஆட்டிசம், பெருமூளை வாதம், வளர்ச்சித் தாமதம் என்று மருத்துவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிய நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். அத்தனையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு அலைந்தால் பணமும் தெம்பும் சீக்கிரமே தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் முதலில் இன்னொரு பெற்றோர், அப்புறம் வீட்டுப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் தெரபி தரும் மையம். வலிப்பு, சாப்பாடு இறங்காமை, காது கேட்பதில் சந்தேகம் என்றால் மட்டும் இந்த வரிசை செல்லாது, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஏன் பெற்றோர்? ராத்திரி முழுக்கத் தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டு காலையில் வேலைக்குப் போவது எப்படி, மூத்த பிள்ளையிடம் தம்பியைப் பற்றி என்ன சொல்வது, எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இதெல்லாம் இரண்டு மூன்று வருடம் முன்னால் அதே பாதையில் போனவருக்குத்தான் தெரியும். 1971-இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் இப்படி ஒரு ஏற்பாடு தொடங்கியது. அனுபவமுள்ள பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, புதிதாக வரும் பெற்றோரோடு ஒருவருக்கு ஒருவர் என்று சேர்த்துவிட்டார்கள். 'பேரன்ட் டு பேரன்ட்' என்ற பெயரில் அந்த முறை இன்றும் நடக்கிறது. பக்கத்தில் அப்படி அமைப்பு இல்லாவிட்டாலும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், பேசச் சம்மதிக்கும் ஒரு குடும்பமாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இணையக் குழுக்கள் இதற்கு மாற்றா? அரிய மரபணுக் கோளாறு என்றால் ஆமாம், ஊரில் இன்னொரு குழந்தைகூட அப்படி இல்லாதபோது வேறு வழி ஏது. மற்றபடி எச்சரிக்கை தேவை. ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லி சிலர் விற்ற ஒரு 'அற்புத' திரவம், குடித்தால் ஆபத்தான பிளீச் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரிக்க வேண்டியிருந்தது. குணமாக்கிக் காட்டுகிறேன் என்று எவராவது பேச்சை எடுத்தால் அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது வீட்டுப் பயிற்சி. இதைப் பலரும் மட்டமாக நினைப்பது எனக்கு வருத்தம். 1969-இல் அமெரிக்காவின் போர்ட்டேஜ் என்ற ஊரில் தொடங்கிய முறையில், பயிற்றுநர் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து ஒரு சின்னத் திறனைக் காட்டிவிட்டுப் போவார், மீதி நாட்களில் பெற்றோர்தான் ஆசிரியர். சட்டை போடக் கற்றுக்கொடுப்பதையே பாருங்கள். தலை, கை எல்லாம் நீங்களே நுழைத்துவிட்டு, வயிற்றுப் பக்கம் சுருண்டிருப்பதைக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் குழந்தையிடம் விட வேண்டும். கடைசி அடியை அவனே முடிப்பதால் ஒவ்வொரு தடவையும் ஜெயித்த சந்தோஷம் அவனுக்கு. அது பழகியதும் அதற்கு முந்தைய அடியையும் அவனிடம் விடலாம். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பார்க்கும் மையம், தினமும் காலையில் நடக்கும் இந்த வேலைக்கு ஈடாகாது.

உலக சுகாதார நிறுவனமும் இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டு வருகைகள் என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. அதில் சேர நோய் உறுதியாகியிருக்க வேண்டிய அவசியமில்லை, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் தொடங்கிவிடலாம்.

அப்படியானால் மையம் வேண்டாமா? வேண்டும். முறையான மதிப்பீடு, இறுகிய தசைக்குப் பிசியோதெரபி, அளவெடுத்துச் செய்யும் சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி இதெல்லாம் வீட்டில் ஆகாது. பெற்றோரே தெரபிஸ்டாகவும் இருந்து சோர்ந்துபோகும் வீட்டில் அந்தச் சில மணி நேர ஓய்வும் பெரிய உதவி. ஆனால் சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாமா? சரியான காரணம் சொல்லாமல் கதவைச் சாத்துகிற இடத்தில் குழந்தையை விட வேண்டாம்.